மாமாவின் கொடியும் பதினேழாம் பிரிவும்

வருடத்தில் ஒருதரம் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை எழுத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிற எல்லோருக்கும் உள்ள கடமைதான். படிவத்தை நிரப்பி, விதானையார் என்று நாங்கள் சொல்லும் கிராம அலுவலர் முன்னிலையில் கையொப்பம் வைத்து, அவருடைய முத்திரையையும் வாங்கிப் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். போன கிழமை போனேன். எங்கள் விதானையார் இப்போது ஓர் இளம் பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவர். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, நியமனக் கடிதத்தின்ரை பிரதியும் ஒண்டு வேணும்" என்றார்.

"எந்தச் சுற்றறிக்கையிலை பிள்ளை அப்பிடிக் கிடக்கு?"

"சுற்றறிக்கை எனக்குத் தெரியாது ஐயா. எல்லாரிட்டையும் வாங்கிறம்."

முப்பத்து நான்கு வருடம் கந்தோர்களில் குப்பை கொட்டியவன் நான். ஒருவன் இன்று மூச்சு விடுவதற்கும் அவனுடைய நியமனக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, பிரதி மேலதிகாரிக்கு என்று கீழே போட்டு, ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வயது போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "நேரிலை போய் நிண்டும் நம்பேல்லையோ?" என்று சிரித்த மனைவியைத் தாண்டிப் போய், கட்டிலின் கீழே கிடந்த இரும்புப் பெட்டியை இழுத்துத் திறந்தேன்.

பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. அது சற்று அடங்கியதும் அதற்குப் பின்னால் இருந்து கிரீஸ் மணம் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பெட்டிக்குள் கிரீஸ் மணம் நிற்குமா என்று நீங்கள் கேட்கலாம். நிற்கிறது. மேலே மடித்து வைத்த சிவப்புக் கொடி. அதன் கீழே கறுப்பு மட்டை போட்ட தடித்த கொப்பி ஒன்று. என் நியமனக் கடிதம் அதில் இல்லை. அன்றைய பொழுது அத்தோடு போயிற்று. மாமா உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். நான் ஒரு வேலையாகப் போனால் குறுக்கே வந்து நிற்பார்.

மாமா என்றால் என் மனைவியின் தகப்பன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கேயிருந்த தொழிற்சங்கக் கிளைக்கு, நான் அறிந்த நாளில் இருந்து அவர் கண்ணை மூடும் வரைக்கும், அவர்தான் செயலாளர். நானும் அதே டிப்போவில்தான் இருந்தேன். ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, நிர்வாகத்தின் பக்கத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவரிடம் விளக்கம் கோரி ஒரு கடிதம் எழுதும்படி என் தலைமை எழுதுவினைஞர் சொன்னார். குற்றம் என்னவென்றால், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மாமா வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போகிறார். ஒரு பஸ்ஸை ஜாக்கில் தூக்கி வைத்தபடி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அரைப்புள்ளி எங்கே போடவேண்டும் என்று தெரிந்தவன். அழகான கடிதம் ஒன்று எழுதினேன். பதில் ஒன்பது பக்கத்தில் வந்தது. கிரீஸ் எத்தனை நிமிடத்தில் போகும் என்பதற்கு நாலு பக்கம். தொழிலாளியும் சாப்பாடும் என்று ஒரு நாலு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், எனது கடிதத்தில் கோப்பைக் குறிக்கும் கோவை இலக்கம் இடப்படவில்லையாதலால் அது கடிதமே அல்ல என்றும், இருந்தாலும் நல்லெண்ணம் காரணமாகத் தான் பதில் எழுதுவதாகவும் முடித்திருந்தார். கோவை இலக்கம் இடப்படவில்லை என்பது உண்மை. அந்தக் காயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த நாள் ஆளே நேரில் வந்து இரண்டு கையையும் என் மேசையில் விரித்து வைத்தார். "தம்பி, உந்தக் கடிதத்தை விடும். இந்தக் கையாலை சோறு தின்னலாமோ எண்டு பாத்துச் சொல்லும்."

பத்து விரலும் என் ஒற்றுத்தாளில் பதிந்தன. நான் கோப்பில் சாதகமாக ஒரு குறிப்பு எழுதினேன். பத்து நிமிடமும் கிடைத்தது, சவர்க்காரமும் கிடைத்தது. போராடி வென்றதாகக் கிளைக் கூட்டத்தில் மாமா அரைமணி நேரம் பேசினாராம். என் குறிப்பைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த மனிதருக்கு ஒரு மகள் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கலியாணப் பேச்சு வந்து, கொக்குவிலில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு அம்மாவோடு பெண் பார்க்கப் போனேன். எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடித்து முடிந்ததும் மாமா கதிரையில் நிமிர்ந்தார். "சரி. நிகழ்ச்சி நிரல் என்ன?" என்றார். அம்மா கையில் எடுத்த பயித்தம் பணியாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் வழக்கப்படி நான் மனைவி வீட்டுக்குக் குடிபோனேன். அதாவது, நிர்வாகம் சங்கத்தின் வீட்டுக்குக் குடிபோனது. அங்கே எதைச் செய்வதென்றாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். கிணற்றுக்கு மோட்டர் பூட்டுவது, படலைக்கு நிறம் அடிப்பது, எல்லாவற்றுக்கும். நான் வாயைத் திறந்தால், இல்லாத தலைவரை நோக்கி மாமா கையை உயர்த்துவார். "தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை." ஒழுங்குப் பிரச்சினை என்றால், பேசுகிறவன் விதியை மீறிவிட்டான், அவனை இருத்துங்கள் என்று அர்த்தம். நான் சொந்த வீட்டில் எத்தனையோ தரம் இருத்தப்பட்டவன்.

பதினேழாம் பிரிவு வந்த கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வேலைநிறுத்தத்தின்போது கருங்காலித்தனமாகப் பஸ் ஓட்டிய ஒருவர் சில வருடத்துக்குப் பிறகு செத்துப்போனார். அவருடைய பெட்டியின் மேல் யாரோ சங்கக் கொடியைப் போர்த்துவிட்டார்கள். மாமா செத்த வீட்டில் கடைசிவரைக்கும் நின்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்போடும் ஒரு தாளோடும் என்னிடம் வந்தார்.

"தம்பி, யாப்புக்கு ஒரு பிரிவு சேர்க்கவேணும். தீர்மானம் இல்லாமல் ஒருத்தருக்கும் கொடி இல்லை. நீர் வடிவாய் எழுதித் தாரும்."

அவர் எனக்கு எதிர்த்தரப்பு. ஆனாலும் வரைவு எழுதுவது என்றால் எனக்கு ஒரு பலவீனம் உண்டு. சில பேருக்கு வெற்றிலை மாதிரி. அவர் கேட்டது ஒரு வசனம். நான் கொடுத்தது நாலு உபபிரிவு. கொடி போர்த்தக் கிளைக் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு ஆகக்குறைந்தது மூன்று உறுப்பினராவது சமுகமளிக்க வேண்டும். இறந்தவரின் உறவினர் வாக்களிக்கலாகாது. கூட்ட அறிக்கை அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். மாமா இரண்டு தரம் வாசித்தார். அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். "உம்மை நிர்வாகத்துக்குக் குடுத்திட்டமே" என்றார்.

பிறகு எங்களுக்குத் தாரணி பிறந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளைக் கையில் வாங்குவதற்கு முன் மாமா ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று கை கழுவினார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சரியாகப் பத்து நிமிடம். அவர் அப்போது வேலையில் இருந்து இளைப்பாறியிருந்தார். அன்றிலிருந்து அவருடைய முழுநேர உத்தியோகம் அந்தப் பிள்ளைதான். சைக்கிள் பாரில் ஒரு சின்ன இருக்கை செய்து பூட்டினார். அதற்குப் பழைய பஸ் இருக்கையின் பஞ்சு, டிப்போவின் எழுத்துமூல அனுமதியோடு பெற்றது. பள்ளிக்கூடத்துக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கு, கீரிமலைக்குக் குளிக்க, எங்கே என்றாலும் அந்தப் பாரில்தான் அவள் போவாள். எனக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதை அவள் திரும்பியும் பார்த்ததில்லை.

சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் அவள் அந்த இருக்கையில்தான் இருந்தாள். சைக்கிளின் பின் கரியரில் இந்த இரும்புப் பெட்டி. அதற்குள் எங்கள் கலியாணப் படங்கள், காணி உறுதிகள், என் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன என்று நாங்கள் நினைத்தோம். போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால் கொடியும் கூட்ட அறிக்கைக் கொப்பியும் ஒரு சவர்க்காரக் கட்டியும். என் மனைவி தகப்பனோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. என் முதல் நியமனக் கடிதம் அன்றைக்கே போயிருக்க வேண்டும். போன கிழமை பெட்டியை இழுக்கும்போது அதை நான் மறந்துவிட்டேன் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு தாரணிக்குப் புலமைப்பரிசில் சோதனைக்கு வகுப்பு. நல்லூரில் ஒரு ரியூசன், கொக்குவிலில் ஒரு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை காலமை இன்னொன்று. எல்லாப் பிள்ளைகளும் போனார்கள், நானும் அனுப்பினேன். ஒரு ஞாயிறு காலமை எழும்பி வந்தால் பிள்ளை மாமரத்தின் கீழே பாயில் இருக்கிறாள். பக்கத்தில் மாமா. கையில் ஒரு மட்டை. அதில் கோரிக்கைகள். ஞாயிறு ரியூசன் நிறுத்தப்பட வேண்டும். விளையாட ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டுக்கு முன் கை கழுவப் பத்து நிமிடம்.

"மாமா, பிள்ளையின்ரை படிப்பிலை விளையாடாதேங்கோ" என்றேன்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. சங்கத்தோடை கதையும்."

"தாரணி, எழும்பு."

"பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் எழும்புறன் அப்பா" என்றாள். ஒன்பது வயது.

பதினொரு மணிவரைக்கும் பேச்சுவார்த்தை. குசினிக்குள் இருந்த மனைவி நடுவர். ஞாயிறு ரியூசன் போயிற்று. உடன்படிக்கையை நானே எழுதிக் கையொப்பம் வைத்தேன். வேறு யார் அதை ஒழுங்காக எழுதுவார்கள்? அவள் சோதனையிலும் சித்தியடைந்துவிட்டாள். அதை மாமா எனக்கு எத்தனை வருடம் சொல்லிக்காட்டினார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அந்த வெற்றியின் ஞாபகமாக மாமா அவளைச் சங்கத்தில் சேர்த்தார். பகிடிக்கு என்றுதான் நான் நினைத்தேன். கொப்பியின் பின்பக்கத்தில் இருந்த அங்கத்தவர் பட்டியலில், சாரதி, நடத்துநர், மெக்கானிக் என்று போகிற வரிசையின் கடைசியில், தாரணி, தொழில் மாணவி என்று மையால் எழுதி, அவளிடம் கையொப்பமும் வாங்கியிருந்தார்.

"மாமா, உது செல்லாது. இரண்டாம் பிரிவைப் பாருங்கோ. டிப்போவிலை வேலை செய்யிற, இல்லாட்டி செய்து இளைப்பாறின ஆள்தான் அங்கத்தவர்."

"உம்மடை ஆட்சேபணையை அடுத்த கூட்டத்திலை கிளப்பும்."

"நான் அங்கத்தவன் இல்லையே. எப்பிடிக் கிளப்புறது?"

"அதுதானே" என்றார் மாமா.

காலம் போனது. டிப்போவில் புதிய ஆட்கள், புதிய சங்கங்கள். மாமாவின் கிளை கொப்பியில் மட்டும் இருந்தது. அங்கத்தவர் ஒருவர் செத்தால் மாமா சைக்கிளில் போய் வருவார். வந்து பட்டியலை எடுத்து, அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்து, அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, ஓரத்தில் காலமானார் என்று எழுதுவார். தாரணி படித்து, கலியாணம் கட்டி, மெல்பேர்ணுக்குப் போனாள். சைக்கிள் பாரில் இருந்த இருக்கையை மாமா கழற்றவில்லை. வெறும் இருக்கையோடு சந்தைக்குப் போய் வருவார். கழற்றச் சொல்லி நான் சொன்னேன். தீர்மானம் கொண்டுவாரும் என்றார்.

தொண்ணூற்றொரு வயதில், ஒரு காலமை தேத்தண்ணி குடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். தொந்தரவு தராமல் அவர் செய்த ஒரே காரியம் அது என்று நினைத்தேன். அதுவும் பிழை. கிரியை நாளன்று கொடியை எடுக்க இரும்புப் பெட்டியைத் திறந்தால், கொப்பியின் முன்மட்டையில் ஒரு தாள் குத்தியிருந்தது. அவருடைய எழுத்து. "என் பிரேதத்தின் மீது சங்கக் கொடி போர்த்துவதாயின் பதினேழாம் பிரிவின்படி மட்டுமே. செயலாளர் என்பதற்காகச் சலுகை வேண்டாம்."

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அறைக்குள் நின்றேன். வெளியே மேளச் சத்தம். ஐயர் வந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாக எல்லோருக்கும் அறிவித்தாயிற்று. தாரணிக்கு விமானச் சீட்டுக் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் பிரேதப் பெட்டியைச் சுற்றி நின்று பிடிக்கிற நெய்ப்பந்தத்தை அயலட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அவள் மெல்பேர்ணில் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசி அடித்தது.

"அப்பா, அம்மப்பாவுக்கு இன்னும் கொடி போடேல்லையோ? வீடியோவிலை காணேல்லை."

"போடேலாது பிள்ளை." தாளை வாசித்துக் காட்டினேன்.

"பதினேழாம் பிரிவை எழுதினது நீங்களெல்லோ."

"ஓம்."

"அப்ப நீங்களே ஒரு வழி பாருங்கோ அப்பா. பந்தமும் நான் பிடிக்கேல்லை. கொடியும் இல்லாமல் அவரை அனுப்பப்போறியளோ?"

குருநகரில் இருந்து மரியதாஸ் அண்ணை ஓட்டோவில் வந்து இறங்கினார். டிப்போவில் நடத்துநராக இருந்தவர், மாமாவின் கூட்டாளி. செபமாலையைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தபடி உள்ளே வந்து, தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"செத்தும் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுறான், பார்" என்றார். "ஆர் ஆர் இருக்கிறம்?"

பட்டியலைப் புரட்டினேன். பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு. மரியதாஸ் அண்ணையின் பெயர் வெட்டப்படவில்லை. செல்லத்துரை அண்ணை என்ற சாரதியின் பெயர் வெட்டப்படவில்லை. அவர் மெல்பேர்ணில் மகனோடு இருந்தார். அதோடு இரண்டு. கூட்டத்துக்கு மூன்று வேண்டும். கொப்பியை மூடப்போனவன் கடைசி வரியைப் பார்த்தேன். தாரணி, தொழில் மாணவி.

அவள் உறவினர். வாக்களிக்கலாகாது. ஆனால் நான் எழுதியது வாக்களிக்கலாகாது என்றுதான், சமுகமளிக்கலாகாது என்று எழுதவில்லை. சமுகமளித்தோர் எண்ணிக்கையில் அவளையும் சேர்க்கலாம். இருவர் வாக்களிக்க, ஒருத்தி சமுகமளிக்க, கூட்டம் கூட்டம்தான். இதை நான் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்கிடையில் அவள் கார்ச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. அங்கே அப்போது பின்னேரம். செல்லத்துரை அண்ணையின் வீட்டுக்கு நாற்பது நிமிட ஓட்டம்.

ஐயர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். சுண்ணம் இடிக்கிற சடங்கும் முடிந்தது. பந்தம் பிடித்த பிள்ளைகளும் சுற்றி வந்துவிட்டார்கள். பதினொன்று ஐம்பதுக்குத் தொலைபேசித் திரையில் செல்லத்துரை அண்ணையின் முகம் வந்தது. பொய்ப்பல்லுப் போடவில்லை. ஆனால் சேட்டுப் போட்டு, கழுத்துப் பொத்தானும் பூட்டியிருந்தார். தோளுக்குப் பின்னால் தாரணி. நான் தொலைபேசியைப் பெட்டியின் தலைமாட்டில் நிமிர்த்தி வைத்தேன். கிளைச் செயலாளர் பெட்டிக்குள் இருந்தபடியால் அறிக்கையை நான் எழுதினேன்.

மரியதாஸ் அண்ணை தலைமை தாங்கி, தானே முன்மொழிந்தார். தலைவர் முன்மொழியலாகாது என்று எனக்குத் தெரியும். செல்லத்துரை அண்ணை வழிமொழிந்தார். வீடியோவில் வருவது சமுகமளித்தல் ஆகுமா என்பது பற்றி யாப்பு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாம் பிரிவு. தாரணி ஒருநாளும் அந்த டிப்போவுக்குள் கால் வைத்தவள் அல்ல. அவள் அங்கத்தவர் அல்ல. அவள் அங்கத்தவர் இல்லையென்றால் மூன்று பேர் இல்லை. மூன்று பேர் இல்லையென்றால் கூட்டம் இல்லை, கொடியும் இல்லை. அந்த வீட்டில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த இன்னொருவர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

மரியதாஸ் அண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் எங்கடை ஆளில்லை. எண்டாலும் சட்டம் தெரிஞ்ச ஆள். ஏதும் ஆட்சேபணை இருக்கோ?"

திரையில் தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வருடத்தில் ஒழுங்கில்லாத ஒரு கோப்பை நான் மேசையைத் தாண்ட விட்டதில்லை.

"ஆட்சேபணை இல்லை" என்றேன்.

கொடியைப் போர்த்தார்கள். நான் அறியாமலே மாமாவின் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உயரும் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன்.

மயானத்து வாசலில் மரியதாஸ் அண்ணை கொடியை எடுத்து மடித்து என் கையில் தந்தார். "நிர்வாகத்திட்டை ஒப்படைக்கிறன்" என்றார். அடுத்த வருடம் அவர் போனார். அதற்குப் பிறகு செல்லத்துரை அண்ணையும் போய்விட்டார். இரண்டு பெயரையும் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் நான்தான் வெட்டினேன். அந்த அதிகாரம் எனக்கு எந்தப் பிரிவிலும் தரப்படவில்லை. டிப்போவில் கை கழுவுகிற தொட்டியை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. சைக்கிளின் பாரில் அந்த இருக்கை இன்னும் இருக்கிறது. பஞ்சைத்தான் எலி இழுத்துவிட்டது.

போன கிழமை பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து, என் கையெழுத்தில் உள்ள அந்தக் கடைசிக் கூட்ட அறிக்கையை வாசித்தேன். நல்ல அறிக்கை, ஒரு வசனம் கூடக் குறைய இல்லை. கீழே, அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிட விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இனி அடுத்த கூட்டம் இல்லை. மிஞ்சியிருக்கிற ஒரே அங்கத்தவர், அங்கத்தவராகவே இல்லாத என் மகள். சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்மானம் இன்றைக்கும் நிலுவையில்தான் இருக்கிறது. எழும்பி நின்று அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் நாங்கள் அன்றைக்கு அந்தக் கொடியால் மூடி அனுப்பினோம்.